பதினேழில் ஒன்பதை அடித்துவிட்டேன்

கேள்வி: "எனக்கு 24 வயது, ஊர் நாகர்கோவில். மார்ச் கடைசியில் புது வேலையில் சேர வேண்டும். அதற்கு முன்னால் கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை, முதுகில் ஒரு பையோடு தனியாகப் போய்வர ஆசை. பிப்ரவரி 15 கிளம்பினால் 33 நாள் கிடைக்கும். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம், கொச்சி, மைசூரு, பெங்களூரு, ஹம்பி, கோவா, மும்பை, எல்லோரா, உதய்ப்பூர், ஜெய்ப்பூர், ஆக்ரா, டெல்லி, ஹரித்வார், ரிஷிகேஷ், அமிர்தசரஸ், ஸ்ரீநகர் என 17 இடம் குறித்திருக்கிறேன். முழுக்க ஜெனரல் கம்பார்ட்மென்டில்தான் போகப் போகிறேன். ரயிலுக்கு 5,000, தங்க நாளுக்கு 300, சாப்பிட நாளுக்கு 200, நுழைவுச் சீட்டுக்கு 1,500, ஆக 23,000. மீதி 7,000 கைக்காவல். இது நடக்குமா? இந்தி தெரியாது. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார்."

பதில்:

தம்பி, உங்கள் கணக்கைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். 22 வருஷமாக ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதும், பயணத் திட்டம் எழுதிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் கணக்கைப் பார்த்ததும் கண் தானாகவே விட்டுப்போனதைத் தேடும். உங்கள் பட்டியலில் இரண்டு விட்டுப்போயிருக்கின்றன. ஒன்று, ஆட்டோ. இன்னொன்று, வீட்டுக்குத் திரும்பி வருவது!

சிரிக்க வேண்டாம், என்னிடம் வருகிற இளைஞர்களில் பாதிப் பேர் திரும்பும் செலவை மறந்துவிடுகிறார்கள். போவதுதான் கனவு, வருவது யார் கனவிலும் வருவதில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆட்டோ.

17 ஊர் என்றால் 16 இடமாற்றம். ஒவ்வொன்றிலும் ஸ்டேஷனில் இறங்கித் தங்குமிடம் போக ஒரு சவாரி, அங்கிருந்து மறுபடி ஸ்டேஷனுக்கு ஒரு சவாரி. புது ஊர், பாஷை தெரியாது, முதுகில் பை, அதிகாலை நாலரை மணி. இந்த நிலையில் பேரம் பேசி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. சவாரிக்கு 150 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 4,800 ரூபாய். உங்கள் ரயில் செலவும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போவதற்கு ஆகும் பணமும், ஸ்டேஷன் வாசலில் இருந்து லாட்ஜ் வாசலுக்குப் போவதற்கு ஆகும் பணமும் சமம். இந்த நாட்டில் தூரம் மலிவு. இறங்கி ஏறுவதில்தான் காசு கரையும்.

அதோடு ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பாதி நாள் போய்விடும். அறை காலியாகும்வரை காத்திருப்பது, பசிக்கு முதலில் கண்ணில் பட்ட கடையில் சாப்பிடுவது, துணி துவைக்க நேரமில்லாமல் காசு கொடுத்து வெளியில் போடுவது. ஒரே ஊரில் மூன்றாவது நாள் இருக்கும்போதுதான் எந்தக் கடையில் எது மலிவு, எந்த டவுன் பஸ் எங்கே போகிறது என்று பிடிபடும். சிக்கனம் அந்த மூன்றாவது நாளில்தான் ஆரம்பிக்கிறது. உங்கள் திட்டத்தில் எந்த ஊரிலும் மூன்றாவது நாளே இல்லை.

ஆகவே பட்டியலில் ஒன்பது ஊர்களை அடித்துவிட்டேன். திருவனந்தபுரம், கொச்சி இரண்டும் உங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி, ஒரு சனி ஞாயிறில் போய்வரலாம். மைசூருவும் அப்படித்தான். கோவாவும் மும்பையும் தனியாள் பட்ஜெட்டைக் கடித்துத் தின்றுவிடும், தவிர வழியையும் மேற்கே இழுக்கின்றன. உதய்ப்பூர், ஜெய்ப்பூர் இரண்டையும் ராஜஸ்தானுக்கென்று தனியாகப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஹரித்வாரையும் ரிஷிகேஷையும் அடிக்கும்போது எனக்கே கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் அடித்துவிட்டேன்.

மிச்சம் எட்டு. அவற்றில் பெங்களூரு சும்மா ரயில் மாறத்தான். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்: பழைய பௌத்த ஸ்தூபி இருக்கும் சாஞ்சி. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் திட்டத்திலேயே நன்றாக அமைந்தது பிப்ரவரி 15 என்பதுதான், தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ. டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மத்திய இந்தியா அடுப்பு, கூடவே பள்ளி விடுமுறைக் கூட்டம். பிப்ரவரி நடுவில் தெற்கே கிளம்பி வடக்கே நகர்ந்தால் வெயில் உங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஹோலி பெரும்பாலும் மார்ச்சில் வரும். நீங்கள் ஆக்ரா, டெல்லி பக்கம் இருக்கும் வாரத்தில் வந்தால், அதற்கு முந்தைய சில நாள்கள் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. காலண்டரைப் பார்த்து முன்னே பின்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

சரி, ஜெனரல் கம்பார்ட்மென்ட்.

உங்கள் வயதில் நானும் இந்த வீரத்தைக் காட்டியிருக்கிறேன். இட்டார்சியில் ஏறிக் காட்பாடி வரை வர வேண்டும். ஸ்லீப்பருக்கும் ஜெனரலுக்கும் அன்றைக்கு வித்தியாசம் இருநூறு ரூபாய்க்குள்தான். கழிவறைக் கதவை ஒட்டி, ஒரு காலை ஒருவர் மூட்டையின் மேலும் இன்னொரு காலை என் செருப்பின் மேலும் வைத்துக்கொண்டு நாக்பூர் தாண்டும்வரை நின்றேன். தண்ணீர் குடித்தால் உள்ளே போக வேண்டி வரும், போனால் நிற்கும் இடம் போய்விடும் என்று தண்ணீரே குடிக்கவில்லை. காட்பாடியில் இறங்கியபோது காய்ச்சல். இரண்டு நாள் லாட்ஜ், டாக்டர், மாத்திரை. மிச்சம் பிடித்ததைப்போல நாலு மடங்கு கொடுத்தேன்.

எனவே, பகலில் நாலைந்து மணி நேரம் என்றால் ஜெனரல் தாராளமாகப் போகலாம், மனிதர்களும் நன்றாகப் பேசுவார்கள். இரவுக்கு ஸ்லீப்பர்தான். ஸ்லீப்பர் பெர்த் ஒன்று, ஓர் இரவு அறை வாடகையையும் மிச்சம் பண்ணித் தருகிறது. ஆனால் அதையே வழக்கமாக்கிவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் ரயிலில் தூங்கினால் மூன்றாம் நாள் ஊர் பார்க்க மாட்டீர்கள், அறையில் படுத்துத்தான் கிடப்பீர்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது; பழைய பதிவுகளைப் படித்து ஏமாற வேண்டாம். ரயில் டிக்கெட் போடும் ஐஆர்சிடிசி தளத்தில் உங்கள் கணக்குக்கு ஆதார் சரிபார்ப்பை இப்போதே முடித்துவிடுங்கள், அது இல்லாமல் ஆன்லைனில் தட்கல், அதாவது கடைசி நேர முன்பதிவு, போட முடியாது. ஸ்லீப்பருக்குத் தட்கல், கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் காலை 11 மணிக்கு. வெயிட்டிங் லிஸ்ட் சீட்டை வைத்துக்கொண்டு "ஏறிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள், அந்தக் காலம் போய்விட்டது. ஆர்ஏசி, அதாவது பாதி உறுதியான சீட்டு, வந்தால் சந்தோஷமாக ஏறுங்கள். உட்கார இடம் உறுதி, பெரும்பாலும் இரவுக்குள் பெர்த்தும் கிடைத்துவிடும்.

பெர்த் எண்ணைப் பார்த்தே இடம் சொல்ல ஒரு கணக்கு உண்டு. எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 கீழே. 2, 5 நடுவே. 3, 6 மேலே. 7 சைடு லோயர். மீதி இல்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். தனியாகப் போகிறவருக்கு மேல் பெர்த் நல்லது. பகலிலும் காலை நீட்டலாம், பை தலைமாட்டிலேயே இருக்கும், "தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று யாரும் எழுப்ப மாட்டார்கள். நீங்கள் ஆறடி என்றால் சைடு அப்பர் மட்டும் வேண்டாம்.

இப்போது வழிக்கு வருவோம். முதல் நாள் கன்னியாகுமரியில் சூரிய உதயம், அன்று சாயங்காலமே நாகர்கோவில் வந்து பெங்களூருக்கு ரயில். மறுநாள் பகலில் பையைக் கிளோக் ரூமில் போட்டுவிட்டு ஊரைச் சுற்றிவிட்டு, இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ். காலையில் ஹோசப்பேட்டை. இரண்டு இரவும் தொடர்ந்து ரயில்தான். ஆரம்பம் என்பதால் உடம்பு தாங்கும். கிளோக் ரூம் விஷயத்தில் ஒன்று: பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். முதுகுப் பைகளுக்குப் பூட்டுப் போட இடமே இருக்காது. ஜிப்பின் இரண்டு இழுப்பானும் சேரும் இடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பையை வாங்குங்கள், இல்லையென்றால் பெங்களூரில் நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டுதான் அலைய வேண்டும்.

ஹோசப்பேட்டையிலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், டவுன் பஸ் ஓடுகிறது. ஸ்டேஷன் வாசலிலேயே "ஹம்பி, ஹம்பி" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். சிரித்துக்கொண்டே நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடங்கள். உங்கள் திட்டத்தில் ஹம்பிக்கு ஒரு நாள் வைத்திருந்தீர்கள். நான் நாலு இரவு வைக்கிறேன். விஜயநகரத்தின் தலைநகரம் அது, 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு பாழ்பட்டது. பல மைல்களுக்குச் சிதறிக் கிடக்கிறது. ஆட்டோ பிடித்து ஒரே நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிறவர்கள் ஆட்டோவையும் கல்லையும்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். பிறகு நிழல். மாலை நாலு மணிக்கு மறுபடி.

அடுத்த கட்டம்தான் உங்களுக்கு நான் தருகிற பரிசு. ரயில்வேயில் கட்டணம் தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறையும். 300, 400 கிலோமீட்டராகத் துண்டு துண்டாகச் சீட்டு எடுப்பதைவிட, ஒரே நீண்ட சீட்டு எடுத்து நடுவில் இறங்கி ஏறினால் மலிவு. இதற்குப் பிரேக் ஜர்னி என்று பெயர். 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீட்டில் இரண்டு முறை இறங்கலாம். முதல் இறக்கம் குறைந்தது 500 கிலோமீட்டர் போன பிறகு. வந்த நாளையும் கிளம்பும் நாளையும் விட்டுவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள் இருக்கலாம். ராஜதானி, சதாப்தி மாதிரி ரயில்களுக்கு இது கிடையாது.

உங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஹோசப்பேட்டையிலிருந்து குண்டக்கல் பக்கம்தான். குண்டக்கல்லில் பெங்களூரு–டெல்லி கர்நாடகா எக்ஸ்பிரஸ் நிற்கும். அது சோலாப்பூர், மன்மாட், இட்டார்சி, போபால், ஜான்சி வழியாக ஆக்ராவுக்குப் போகிறது. குண்டக்கல்லில் இருந்து ஆக்ரா வரை ஒரே சீட்டு. மன்மாடில் ஒரு இறக்கம், போபாலில் ஒரு இறக்கம். மன்மாடில் இறங்கினால் எல்லோரா, போபாலில் இறங்கினால் சாஞ்சி. சாஞ்சி எப்படி உள்ளே வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதை ஆன்லைனில் தேடாதீர்கள். நாகர்கோவில் ஸ்டேஷன் முன்பதிவுக் கவுன்ட்டருக்குக் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போங்கள். எந்த ஊர்களில் இறங்குகிறீர்கள், எந்தத் தேதியில் மறுபடி ஏறுகிறீர்கள் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். புதிதாக வந்த ஊழியராக இருந்தால் முழிப்பார். இப்போதெல்லாம் இதைக் கேட்கிறவர்களே இல்லை. கோபப்படாமல் சூப்பர்வைசரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், இறங்குகிற ஸ்டேஷனில் சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். மிச்சமாவது சில நூறு ரூபாய்தான். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் சில நூறு என்பது ஒரு நாள் வாழ்க்கை.

மன்மாடில் இருந்து 113 கிலோமீட்டர் தனிச் சீட்டில் போனால் அவுரங்காபாத், இப்போது பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். எல்லோரா அங்கிருந்து 30 கிலோமீட்டர், அரசு பஸ் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அஜந்தாவும் போக நினைத்தால் அதற்குத் திங்கள் விடுமுறை. தாஜ்மஹாலுக்கு வெள்ளி. இந்த மூன்று கிழமைகளையும் கையில் எழுதி வைத்துக்கொண்டுதான் தேதி போட வேண்டும். தெரியாமல் போய் மூடிய கேட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எல்லோராவில் 16-ஆம் குகையான கைலாசநாதர் கோயிலைக் கீழே நின்று பார்த்ததோடு விடாதீர்கள். பக்கவாட்டில் மேலே ஏறிப் பாருங்கள். அது அடுக்கிக் கட்டிய கோயில் இல்லை, மலையை மேலிருந்து கீழாகக் குடைந்தது. அங்கே நின்றால்தான் அது உறைக்கும்.

நுழைவுச் சீட்டுக்கு 1,500 போதும். தொல்லியல் துறையின் பெரிய இடங்களில் இந்தியர்களுக்கு 40 ரூபாய். தாஜ்மஹாலுக்கு 50, கல்லறை மண்டபத்துக்குள் போக மேலும் 200. ஆக்ராவுக்கு இரண்டு இரவு. அங்கிருந்து டெல்லி இருநூறு கிலோமீட்டருக்குள். உங்கள் ஜெனரல் ஆசையை அந்தப் பகல் பயணத்தில் தீர்த்துக்கொள்ளலாம். டெல்லிக்கு நாலு இரவு. மெட்ரோ இருப்பதால் இந்த வழியிலேயே ஆட்டோ தேவைப்படாத ஊர் அதுதான். அமிர்தசரஸுக்கு ராத்திரி ரயில்.

தங்குவதற்கு நாளுக்கு 300 என்று போட்டிருக்கிறீர்கள். ஹாஸ்டல் டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில், ஒரு படுக்கைக்கு 400 முதல் 600 வரை வைத்துக்கொள்ளுங்கள். தர்மசாலைகள் மலிவு, ஆனால் பல இடங்களில் தனி ஆளுக்கு அறை தர மாட்டார்கள். அதை நம்பி நள்ளிரவில் போய் நிற்காதீர்கள். நள்ளிரவில் இறங்குவதாக இருந்தால் ஸ்டேஷனின் ரிட்டயரிங் ரூம் டார்மிட்டரியை டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் எண்ணை வைத்து முன்கூட்டியே போட்டுவிடலாம். சுத்தம் ஊருக்கு ஊர் மாறும், பாதுகாப்பு பரவாயில்லை.

அமிர்தசரஸில் பொற்கோயில் வளாகத்தை ஒட்டிய சராயில், அதாவது யாத்திரிகர் விடுதியில், இலவசமாகவே தங்கலாம், மூன்று நாள் வரை. எல்லோரும் "லங்கர் இலவசச் சாப்பாடு" என்று பட்ஜெட் குறிப்பில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். போய்ப் பாருங்கள்: தலையில் துணி கட்டி, செருப்பை விட்டு, காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உள்ளே போவீர்கள். தட்டு கொடுப்பார்கள். பெரிய கூடத்தில் நீளப் பாயில் வரிசையாக உட்காருவீர்கள். உங்கள் பக்கத்தில் லாரி டிரைவரும் இருப்பார், கல்யாணம் முடிந்து நேராக வந்த புதுமணத் தம்பதியும் இருப்பார்கள். வாளியில் பருப்பு வரும். ரொட்டி வரும்போது தட்டை நீட்டாதீர்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், அதில்தான் வைப்பார்கள். முதல் தடவை நான் தட்டை நீட்ட, பரிமாறிய பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் பையன்தான் என் முழங்கையைத் தட்டிக் காட்டினான். சாப்பிட்டு முடித்ததும் வெளியே பாத்திரம் தேய்க்கும் தொட்டிகளின் சத்தம் கேட்கும். அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அப்படிச் செய்தால் அது இலவசச் சாப்பாடு என்று உங்களுக்கும் தோன்றாது.

பையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காஷ்மீருக்கென்று கனமான ஜாக்கெட்டை நாகர்கோவிலிலேயே வாங்கப் போகிறீர்கள் என்று என் உள்மனம் சொல்கிறது. வேண்டாம். முதல் மூன்று வாரம் அதைத் தலையணையாகத்தான் பயன்படுத்துவீர்கள். மார்ச்சில் வடக்கே குளிர் முடிகிற நேரம், டெல்லியிலும் அமிர்தசரஸிலும் நடைபாதைக் கடைகளில் கம்பளித் துணியைத் தள்ளிவிடுவார்கள். அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். 40 லிட்டர் பை போதும். ஸ்லீப்பரில் கம்பளி, விரிப்பு எதுவும் தர மாட்டார்கள், போபால் தாண்டியதும் ஜன்னல் இடுக்கில் வருகிற காற்று எலும்பைத் தொடும். ஆகவே ஒரு போர்வை அவசியம். ஒரு சங்கிலியும் பூட்டும்: கீழ் பெர்த்தின் அடியில் வளையங்கள் இருக்கும், கீழே பை வைக்க வேண்டி வந்தால் அதில் பூட்டிவிட்டுத் தூங்குங்கள்.

இந்திக்குப் பயப்படாதீர்கள். "பய்யா" (அண்ணா), "கித்னா" (எவ்வளவு), "கஹான்" (எங்கே) மூன்றும் போதும், மிச்சத்தைக் கை பேசும். சிக்கல் எண்களில்தான். நூறு வரைக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், நமக்குப் பிடிபடாது. விலை சொன்னால் போனை நீட்டி அதில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதோடு, நீங்கள் சொல்லாமல் விட்டால் அந்தப் பயம் பத்து மடங்காகப் போகிற ஓர் இடமும் இருக்கிறது. ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்ததும் வெளி மாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். தெரியாமல் போனால் பஞ்சாப் எல்லை தாண்டியதும் உங்கள் போன் செத்துவிடும், நாகர்கோவிலில் அம்மா அழைத்துக்கொண்டே இருப்பார். போன் போனால் யூபிஐயும் போச்சு, கையில் காசு இல்லாமல் டீ கூடக் குடிக்க முடியாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள், அல்லது அங்கே போய் அடையாள அட்டை கொடுத்து உள்ளூர் சிம் வாங்குங்கள். எப்படியானாலும் அமிர்தசரஸிலேயே நாலாயிரம் ரூபாய் ரொக்கமாக எடுத்து இரண்டு இடத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரயிலின் பிஎன்ஆர் எண்ணையும் அம்மாவுக்கு அனுப்புங்கள். ரயில் எங்கே ஓடுகிறது என்று அவரே போனில் பார்த்துக்கொள்ளலாம். என் வாடிக்கையாளர் ஒருவரின் அம்மா மகனுக்குப் போன் போட்டு, "உன் வண்டி நாற்பது நிமிஷம் லேட்டு, இன்னும் கொஞ்சம் தூங்கு" என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். ரயிலில் எந்தப் பிரச்சினைக்கும் 139.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடித் திறந்தார்கள். நீங்கள் போகும் வாரத்தில் நிலவரம் எப்படி என்று அமிர்தசரஸில் இருக்கும்போது விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பயணம் குறைந்துவிடாது. சரியாக இருந்தால் ஜம்மு, அங்கிருந்து கட்ரா. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. செனாப் பாலத்தின் மேல் போகும், ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். மற்ற ரயில்களோடு ஒப்பிட்டால் கட்டணம் கூடுதல்தான். ஆனால் இந்த முழுப் பயணத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஸ்ரீநகரில் நாலு இரவு. ட்யூலிப் தோட்டம் பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான் திறக்கும், அதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. குல்மார்க்கில் பனி இருக்கும். ஷேர் சுமோவில் போய்வாருங்கள்.

இப்போது என் கணக்கு. திரும்புவதையும் சேர்த்து ரயிலுக்கு 5,500. ரயிலில் தூங்கும் இரவுகளையும் சராயையும் கழித்தால் காசு கொடுத்துத் தங்குவது 21 இரவுக்குப் பக்கம், அதற்கு 10,000. சாப்பாடு நாளுக்கு 250 வைத்து 8,250. 200-இல் முடியும், ஆனால் பத்தாம் நாளிலிருந்து பிஸ்கட்டில் வாழ்வீர்கள். பஸ், ஆட்டோ, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து 3,500. ஆக 27,250. கைக்காவல் 2,750 தான் மிஞ்சுகிறது. குறைவு என்று எனக்கும் தெரியும். ஆகவே கிளம்புமுன் இன்னும் ஒரு மூவாயிரம் எங்காவது புரட்டி, அதை அம்மா கணக்கிலேயே போட்டு வையுங்கள். உங்கள் கையில் இருந்தால் டெல்லியில் செலவாகிவிடும்.

கடைசியாக, திரும்புவது. கட்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ். வாரத்துக்கு ஒரு தடவைதான், மூன்று நாள் ஓட்டம், நாகர்கோவிலில் நிற்கும். ஸ்லீப்பரில் ஆயிரத்துச் சொச்சம். அமிர்தசரஸும் ஸ்ரீநகரும் தவிர நீங்கள் வடக்கே பார்த்த ஊர்கள் பலவும், டெல்லி, ஆக்ரா, போபால் என்று ஒவ்வொன்றாகத் தலைகீழ் வரிசையில் ஜன்னலில் வந்து போகும். வாரம் ஒரு வண்டி என்பதால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். அந்தத் தேதியை முதலில் முடிவு செய்து, 60-ஆவது நாள் காலையில் அந்தச் சீட்டைத்தான் முதலில் போட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள். அதற்கு மட்டும் மேல் பெர்த் கேட்காதீர்கள், சைடு லோயர் கேளுங்கள்.